அடைத்த கழுத்துத் தமனியும் அதைச் சுற்றிய நரம்பும்: ஒரு எலி சோதனையை எப்படி வாசிப்பது?

சித்தப்பாவுக்குக் கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். வயது 67. பந்தலுக்குக் கீழே நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் வலது கை மரத்துப் போய், கத்தரி நழுவிக் கீழே விழுந்தது. பத்து நிமிஷத்தில் கை பழையபடி ஆகிவிட்டது. "வெயில்தான்ப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்று மோர் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விட்டார். சித்திதான் விடவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தால், இடது பக்க உள் கழுத்துத் தமனி முழுசாக அடைத்திருந்தது. எழுபது சதவீதம், எண்பது சதவீதம் இல்லை. நூறு.

முழுசாக மூடிவிட்ட தமனியைக் கீறித் திறப்பது வழக்கம் இல்லை என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று கொடுத்து, பீடியை விடச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து சித்தப்பா மகன் ஒரு வீடியோவை அனுப்பினான். கழுத்தில் ஒரு ஊசி போட்டு 'பரிவு நரம்பை' மரக்க வைத்தால் மூளைத் தமனிகள் விரியும், அடைப்பைத் தாண்டி ரத்தம் பாயும், எலிகளில் இது நிரூபணமாகிவிட்டது என்று அதில் ஒருவர் பேசினார். "அண்ணே, போட்டுருவோமா? நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆய்வுக் கட்டுரை வாசிப்பது பழக்கம், அவ்வளவுதான். ஆனால் வாசித்த வரைக்கும் அந்த வீடியோவின் கோளாறு ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சோதனைகள் பொய் இல்லை. அவை கேட்ட கேள்வி வேறு, நம்ம வீட்டுக் கேள்வி வேறு.

முதலில், சித்தப்பா எப்படி நடமாடுகிறார்?

மூளைக்கு நான்கு குழாயில் ரத்தம் போகிறது. முன்பக்கம் இரண்டு கழுத்துத் தமனிகள், பின்பக்கம் முதுகெலும்பு வழியாக ஏறும் இரண்டு முள்ளெலும்புத் தமனிகள். பின்பக்கத்து இரண்டும் சேர்ந்து அடித்தமனி என்ற ஒரே குழாய் ஆகின்றன. மூளைக்கு அடியில் இவை எல்லாம் ஒரு வளையத்தில் இணைகின்றன. அதற்கு வில்லிஸ் வட்டம் என்று பெயர்.

தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலில் சித்தப்பாவைப் போலவே ஒருவர் வருகிறார். வயிற்றுக் கட்டியால் இறந்தவர். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் வலது கழுத்துத் தமனி முழுக்க அடைத்துக் கிடக்கிறது. ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வரவில்லை. அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனி, மறுபக்கத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு பருத்திருந்தது. 360 வருஷத்துக்கு முன்பே விஷயத்தின் முக்கால் பங்கு வெளியே வந்துவிட்டது: ஒரு வழி மூடினால் இன்னொரு வழி பெரிதாகும்.

நம்ம ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களை மூடினால், பெரியாற்றுத் தண்ணீரை இரைச்சல் பாலம் வழியாகத் திருப்பிவிடுவார்கள். பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்து சேரும், வழிதான் வேறு. ஒரு வித்தியாசம் உண்டு. வாய்க்கால் தானாக அகலமாகாது, ரத்தக்குழாய் ஆகும். ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது குழாயின் உள்சுவர் செல்கள் அந்த உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. முதலில் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. உரசல் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடித்தால் சுவரே மாற்றிக் கட்டப்படுகிறது.

அகலம் கொஞ்சம் கூடினாலே பலன் பெரிசு. ஒரே அழுத்தத்தில் குழாயில் ஓடும் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 20 சதவீதம் கூடினால் ஓட்டம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போய்விடும். அதனால்தான் இந்தத் துறையில் தமனியின் அகலத்தை மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள்.

நரம்பு எங்கே வருகிறது?

பரிவு நரம்பு மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பயந்தால் இதயம் படபடக்க வைப்பது. கழுத்தில் இதற்கு முடிச்சுகள் உண்டு. மேல்கழுத்து முடிச்சிலிருந்து கிளம்பும் இழைகள் கழுத்துத் தமனியைக் கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு மூளைத் தமனிகள் வரைக்கும் போகின்றன. அவை நார்அட்ரினலினை விட்டால் தமனியின் தசை இறுகும்.

1850-களின் தொடக்கத்தில் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் ஒரு முயலின் கழுத்தில் இந்த நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சூடானது, ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. நரம்பு இறுக்குகிறது, வெட்டினால் விரிகிறது என்ற எண்ணம் அங்கே பிறந்ததுதான். வீடியோ பேசுவதும் அதைத்தான். ஆனால் முயல் காது மூளை அல்ல. சாதாரண நிலையில் இந்த நரம்பை வெட்டினாலும் மூளையின் ரத்த ஓட்டம் பெரிதாக மாறுவதில்லை. மூளை தன் ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பிறகு எப்போதுதான் இந்த நரம்பு முக்கியமாகிறது? அதற்குப் பிறகு வருகிறேன்.

சோதனையின் அமைப்பில் உள்ள சிக்கல்கள்

இந்த வகைச் சோதனையின் எலும்புக்கூடு இப்படி: எலியின் இரண்டு பொதுக் கழுத்துத் தமனிகளையும் நூலால் கட்டுவார்கள். மூளையின் மேற்புற ஓட்டம் உடனே பாதிக்கும் கீழே இறங்கும். பிறகு பின்பக்கத்துத் தமனிகள் பருக்கப் பருக்க, வாரக்கணக்கில் மெல்ல மீளும். இதோடு மேல்கழுத்து முடிச்சை வெட்டி எடுத்த எலிகளையும் எடுக்காத எலிகளையும் ஒப்பிட்டால், தமனி மாறியதில் நரம்புக்கு என்ன பங்கு என்று தெரியும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மென்பொருள்காரன் கண்ணோடு பார்த்தால் நான்கு இடம் உறுத்துகிறது.

ஒன்று. கட்டும் நூலே நரம்போடு பேசுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அதற்குக் கீழே தமனியைக் கட்டினால், "அழுத்தம் விழுந்துவிட்டது" என்று அவை தப்பாகச் செய்தி அனுப்பும். உடனே உடம்பு முழுக்கப் பரிவு நரம்புகள் முறுக்கேறி ரத்த அழுத்தம் ஏறும். அதாவது, எந்த நரம்பின் பங்கை அளக்கப் போகிறோமோ அதையே சோதனையின் முதல் படி உசுப்பிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த நரம்புத் தண்டு தமனிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தமனியைப் பிரித்தெடுக்கும்போது அது கசங்கவும் வாய்ப்புண்டு. மனிதர்களில் அடைப்பு பெரும்பாலும் அந்தப் பிரிவிலும் அதற்கு மேலேயும், வருஷக்கணக்கில் படிந்து வருகிறது. ஒரு நாளில் நூல் கட்டுவதும் நாற்பது வருஷம் பீடி குடிப்பதும் ஒரே நிகழ்வு இல்லை.

இரண்டு. முடிச்சை எடுப்பது ஒரு மாற்றம் இல்லை. பல மாற்றங்களை ஒரே கமிட்டில் போடுவது மாதிரி. அதே முடிச்சிலிருந்துதான் பீனியல் சுரப்பிக்கு நரம்பு போகிறது. எடுத்துவிட்டால் இரவில் மெலடோனின் ஏறும் தாளமே போய்விடும். மெலடோனினுக்கு ரத்தக்குழாயோடும் சம்பந்தம் உண்டு. இன்னொன்று, பரிவு நரம்பு காலி செய்த இடத்தில் உணர்வு நரம்புகள் கிளைத்துப் பெருகும். அவை விடும் வேதிப்பொருள்கள் தமனியை விரிக்கக்கூடியவை. ஆக, தமனி அகலமானால் பரிவு நரம்பு போனதாலா, மற்றது வந்ததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று. ஒரு பக்கத்து முடிச்சை மட்டும் எடுத்து, மறுபக்கத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது இந்தத் துறையில் பழைய வழக்கம். ஒரே எலி, ஒரே வயசு, ஒரே அழுத்தம் என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் தமனிகளைக் கட்டிய எலியில் இரண்டு பக்கமும் வில்லிஸ் வட்டத்தின் வழியாக ஒரே தண்ணீரைப் பங்கு போடுகின்றன. இடது வயலின் மடையை அகலமாக்கினால் வலது வயலுக்கு வருவது மாறாதா? ஒப்பீட்டுப் பக்கம் தனியாக நிற்கவில்லை. அதிலும், அதிகமாகப் பருக்கும் அடித்தமனி நடுக்கோட்டில் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் இழைகள் அதற்குப் போகின்றன. அதன் கீழ்ப்பகுதிக்குக் கழுத்தடியில் இருக்கும் விண்மீன் முடிச்சிலிருந்தும் இழைகள் வருகின்றன. மேல்முடிச்சை எடுத்துவிட்டு 'நரம்பு நீக்கப்பட்ட அடித்தமனி' என்று சொன்னால் அது பாதி உண்மை.

நான்கு. எதை அளக்கிறோம்? விட்டம் கூடியது, சுவர் தடித்தது, ஓட்டம் மீண்டது, எலி பிழைத்தது. நான்கும் வேறு வேறு. ஒன்றை அளந்துவிட்டு மற்றதைச் சொல்லக் கூடாது. வீடியோக்காரர் செய்தது இதுதான். விட்டத்தில் ஆரம்பித்து நோயாளி குணமாவதில் கொண்டுபோய் முடித்தார்.

இவ்வளவு சொன்னதால் சோதனை வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலியில் பார்க்காமல் இந்தக் கேள்வியை வேறு எங்கும் தொடவே முடியாது. கேட்ட கேள்விக்குள் நின்று வாசித்தால் இவை மதிப்புள்ள வேலைகள்.

இறுக்குகிறவனா, காவல்காரனா?

எனக்கு உண்மையிலேயே கண் திறந்தது இங்கேதான். 1976-இல் ஸ்வீடனில் பில், லிண்டர் இருவரும் பூனைகளில் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிப் பார்த்தார்கள். பரிவு நரம்பைத் தூண்டிய பக்கத்தில் மூளைக்குள் ரத்தம் மிதமிஞ்சிப் பாய்வது தடுக்கப்பட்டது. சாதாரண நாளில் சும்மா இருப்பதுபோலத் தெரிகிற நரம்பு, வெள்ளம் வந்தால் ஷட்டரை இறக்குகிறது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹைஸ்டட் குழு இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் வரும் எலி இனம் ஒன்று உண்டு. அந்த எலிகளுக்குச் சின்ன வயசிலேயே ஒரு பக்கத்து மேல்கழுத்து முடிச்சை எடுத்தார்கள். 1980, 1981-இல் வெளிவந்த முடிவுகள்: நரம்பு போன பக்கத்தில் தமனிச் சுவர் அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கவில்லை. மூளைச் சேதமும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம் வந்தது. இதற்கு முன்பே, 1975-இல், ரோஸ்மேரி பெவன் வளரும் முயல்களின் காதுத் தமனியில் நரம்பை நீக்கினால் தசைச் செல்கள் பெருகுவது குறைகிறது என்று காட்டியிருந்தார்.

சேர்த்துப் பார்த்தால், பரிவு நரம்பு தமனியை இறுக்க மட்டும் வரவில்லை. தமனிக்குச் சுவர் கட்டும் கொத்தனாரும் அதுதான். கழுத்துத் தமனி அடைத்த ஒருவருக்கு மாற்று வழித் தமனிகள் பருக்கும்போது, அவை அகலமானால் மட்டும் போதாது. கூடிய ஓட்டத்தைத் தாங்குகிற சுவரும் வேண்டும். கரையை உயர்த்தாமல் வாய்க்காலை அகலப்படுத்தினால் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று சின்னமனூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'நரம்பை அணைத்தால் நல்லது' என்ற ஒற்றை வரி தப்பாவது இந்த இடத்தில்தான். அந்த நரம்பு ஒரு கையால் இறுக்குகிறது, மறு கையால் தாங்குகிறது. எந்தக் கை எப்போது முக்கியம் என்பது நோயாளியின் அழுத்தத்தையும் நாளையும் பொறுத்தது.

எலியிலிருந்து மனிதருக்கு

இந்த ஊசி புதுசும் இல்லை. விண்மீன் முடிச்சை மரக்க வைத்துப் பக்கவாதத்தைக் குணப்படுத்த 1940, 50-களிலேயே பல நாடுகளில் முயன்றார்கள். பலன் உறுதிப்படாமல் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. மூளை அடித் தமனிகள் தானாகச் சுருங்கி அடைக்கும் நோய்க்கு 1969-இல் 'மோயாமோயா' என்று பெயர் கொடுத்த ஜப்பானிய மருத்துவர் ஜிரோ சுசுகி, கழுத்துப் பரிவு முடிச்சை எடுக்கும் அறுவையையே அந்த நோய்க்கு முயன்று பார்த்தார். இன்று அதற்குச் செய்வது புதிதாக ரத்தவழி அமைக்கும் அறுவை.

இந்தியாவிலும் வேலை நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் விண்மீன் முடிச்சு ஊசிக்குப் பிறகு மூளைத் தமனி ஓட்டம் எப்படி மாறுகிறது என்று டாப்ளரில் அளந்து 2005-இல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் எழுதினார்கள். பிறகு, மூளையில் தமனி வெடித்து ரத்தம் கசிந்தவர்களுக்கு வரும் தமனி இறுக்கத்துக்கு இதே ஊசியைத் தொடக்க நிலையில் சோதித்தார்கள். கவனியுங்கள்: அது வெடித்த தமனிக்குப் பிறகு சில நாள் நீடிக்கும் இறுக்கம். சித்தப்பாவுடையது அடைத்த தமனி. வீடியோவில் இரண்டும் ஒரே நோய் ஆகிவிட்டது.

'ஓட்டம் கூடினால் நோயாளி பிழைப்பார்' என்ற கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வலுவான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்துத் தமனி முழுசாக அடைத்தவர்களுக்கு, தலைக்கு வெளியே ஓடும் தமனியை மூளைத் தமனியோடு தைத்து நேரடியாகவே ரத்தம் கொடுக்கலாமே என்று யோசித்தார்கள். 1985-இல் 1,377 பேரிடம் நடந்த ஆய்வு பலன் இல்லை என்றது. சரியான ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று வாதம் வந்தது. மூளை ஓட்டம் உண்மையிலேயே குறைந்தவர்களை மட்டும் எடுத்து மறுபடி செய்தார்கள். 195 பேர், 2011-இல் முடிவு. தைத்த வழி திறந்திருந்தது, ஓட்டமும் மேம்பட்டது. ஆனால் இரண்டு வருஷத்தில் அதே பக்கப் பக்கவாதம், அறுவை செய்தவர்களில் 21 சதவீதம், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 22.7 சதவீதம். முதல் முப்பது நாளில் மட்டும் பார்த்தால் 14.4-க்கு எதிராக 2. அறுவையின் ஆபத்து அதன் லாபத்தைத் தின்றுவிட்டது. நேரடியாகக் குழாய் போட்டே இந்தக் கதை என்றால், சில மணி நேரம் மட்டும் வேலை செய்யும் ஒரு மரப்பு ஊசி மாசக்கணக்கில் நடக்கும் சுவர் மாற்றத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பும் என்று நம்ப, எலியின் விட்டத்தை விடப் பெரிய ஆதாரம் வேண்டும்.

கடைசியில்

சித்தப்பா மகனுக்கு நான் சொன்னது இன்னொன்றும் உண்டு. அந்த ஊசி இறங்கும் இடத்தைப் படத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் கழுத்துத் தமனி, சற்று உள்ளே முள்ளெலும்புத் தமனி. மருந்து தவறி முள்ளெலும்புத் தமனிக்குள் போனால் வலிப்பு வரலாம். மற்றவர்களுக்கு அது நான்கில் ஒரு குழாய். சித்தப்பாவுக்கு அது மீதமிருக்கும் மூன்றில் ஒன்று. போதாததற்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார்.

"அப்ப எலி சோதனையெல்லாம் சும்மாவாண்ணே?" என்று கேட்டான்.

சும்மா இல்லை. அந்த எலிகள் எனக்குச் சொன்ன செய்தி ஊசி பற்றியது இல்லை, ரத்த அழுத்தம் பற்றியது. புதிதாகப் பருக்கும் தமனிகளின் சுவர்மேல் திடீர் அழுத்தம் ஏறக் கூடாது, திடீரென்று இறங்கவும் கூடாது. அதைத்தான் மதுரையில் கொடுத்த சின்ன மாத்திரை செய்கிறது. வீடியோ கேவலமாகப் பேசிய மாத்திரை அதுதான். இரண்டு பேருமாக மதுரை டாக்டரிடமே போய் ஊசியைப் பற்றியும் கேட்டோம். அவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். நான் பதினைந்து நாள் வாசித்த காரணங்களை அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பந்தலுக்குக் கீழே நின்றிருந்தார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் மாத்திரை அட்டை. காலை மாத்திரையைப் போட்டாச்சா என்று கேட்டேன். "போட்டாச்சுடா, நீ வேற, உங்க சித்தி மாதிரியே" என்று கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். வலது கையில்தான் பிடித்திருந்தார்.